பெரிய வியாழனுக்கு இரண்டு நாற்காலிகள்

கெவின்னே சொல்லுங்க. போன வாரமும் கெவின்தான். தயவுசெய்து பேரை மாத்திடாதீங்க.

டீ கோப்பையைப் பிடித்தபடி சுகிர்தா மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி அவள் கணவன் ஜெபசிங் மூன்று ஆண்களுக்கு நடுவில் நின்று தன் மேனேஜரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் போடுறான் பிரதர். எதுக்குடான்னு கேட்டா சின்ன டிஸ்கஷன்கிறான். இருட்டினப்புறம்தான் விட்டான்."

மூவரும் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார். "யாரு, அந்தக் கெவினா?"

"வேற யாரு? அவனேதான்."

சுகிர்தா மூச்சை விட்டாள். கெவின் என்று ஒருவன் இல்லை. மீட்டிங்கும் இல்லை. ஜெபசிங்குக்கு வேலை போய் ஏழு மாதமாகிறது.

சான் ரமோனில் ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தை ஞாயிறு பிற்பகல்களில் வாடகைக்கு எடுத்து அவர்கள் தமிழ் ஆராதனை நடத்துகிறார்கள். முடிந்ததும் பின்கூடத்தில் டீயும் சமோசாவும் உண்டு. அன்று குருத்தோலை ஞாயிறு. பிள்ளைகள் ஓலைச் சிலுவைகளை வாளாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மகள் ஷெரினும் அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்தாள்.

க்ரீன் கார்டு கைக்கு வந்த சில வாரங்களில் வேலை போனது. நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். சுகிர்தா ஒரு டேகேரில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளமும் இருந்த சேமிப்பும் வாடகைக்கே போயின. ஜெபசிங் தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு பிளசன்டன் நூலகத்துக்குப் போனான். அங்கே உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பித்தான். மாலையில் ஆபீஸ் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்பினான். எதிர்வீட்டுக்காரர் கையசைத்தால், அலுத்து வந்தவனைப் போலக் கையசைத்தான்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஆண்டவருக்கும் தெரிஞ்சாப் போதும் சுகி," என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. சபையிலிருந்து மாதம் ஒருமுறை ஓக்லண்டுக்குப் போய் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள். வருடக்கணக்காக அதை முன்நின்று நடத்தியவன் ஜெபசிங். புதிதாக வருகிறவர்களுக்கு அவன் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான்: "தட்டைப் பார்த்துப் போடுங்க, முகத்தைப் பார்க்காதீங்க. அவங்களுக்குக் கூச்சமா இருக்கும்." இப்போது தன் முகத்தை யாரும் அப்படிப் பார்த்துவிடக் கூடாது என்று அவன் பயந்தான். அந்தப் பயத்துக்குத்தான் கெவின் பிறந்தான்.

ஆராதனை நடந்த கட்டடத்திலேயே நின்று பொய் சொல்கிறானே என்று முதலில் அவளுக்கு உடல் கூசியது. பிறகு, பொய் சரியாக வர வேண்டுமே என்ற கவலை அந்தக் கூச்சத்தைத் தின்றுவிட்டது. மனம் எவ்வளவு சீக்கிரம் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அக்கா, உங்களைத்தான் தேடினனான்."

நிலக்சி வந்து நின்றாள். தைப்பொங்கல் சமயத்தில் டொரோண்டோவிலிருந்து கல்யாணமாகி வந்த யாழ்ப்பாணப் பெண். யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள்.

"அந்தத் தேசிக்காய் ஊறுகாய் நீங்களே போட்டது? எங்கட வீட்டில அவர் கறியைத் தள்ளி வச்சிட்டு அதோட சோறு சாப்பிட்டவர். எனக்கு எப்பிடிப் போடுறதெண்டு சொல்லித் தர வேணும்."

சுகிர்தா சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றது. அவள் வாடகை வீட்டின் பின்னால் ஓர் எலுமிச்சை மரம் இருக்கிறது. இந்த வருடம் அதில் போட்ட ஊறுகாயை அவள் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கொடுத்திருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"போன கிழமை எங்கட முறை எல்லோ? நாங்கள் குடுத்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டி திரும்பி வரேக்க அதுக்குள்ள இருந்தது." சொல்லிக்கொண்டே வந்தவள் சுகிர்தாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் பிடி தளர்ந்தது. "ஐயோ, நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனோ அக்கா?"

"இல்லம்மா. எலுமிச்சங்காயை உப்புல போட்டு வெயில்ல வைக்கணும். இங்க வெயில்ல மூணு நாள் போதும்."

அவள் குரல் அவளுக்கே தெளிவாகக் கேட்டது. உப்பின் அளவைக்கூடச் சரியாகச் சொன்னாள்.

*

வேலை போனதைப் பெனிட்டா அக்காவிடம் மட்டும்தான் அவள் சொல்லியிருந்தாள்.

பெனிட்டா நாகர்கோவில்காரி, அவளைவிடப் பத்து வயது மூத்தவள். ஷெரின் பிறந்தபோது சுகிர்தாவின் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பிரசவ அறையில் ஒரு பக்கம் ஜெபசிங்கும் மறுபக்கம் பெனிட்டாவும் நின்றார்கள். பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவளும், பிள்ளைக்கு முதல் குளியல் போட்டவளும் அவள்தான். போன அக்டோபரில் ஒருநாள், டேகேரின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீரிங் மேல் தலை வைத்து அழுதுகொண்டிருந்தபோது கண்ணாடியைத் தட்டியவளும் அவள். கணவனுக்குக் கொடுத்த வாக்கை சுகிர்தா அந்தக் காருக்குள் உடைத்தாள்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்," என்றாள் பெனிட்டா. "ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்றேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பூங்காவில் ஷெரின் விளையாடும் நேரத்தில் ஒரு காரின் டிக்கியிலிருந்து இன்னொரு காரின் டிக்கிக்குப் பெட்டிகள் மாறின. மீன்குழம்பு, கோழி, இடியாப்பம், ஒரு தடவை வாழைப்பூ வடைகூட. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் பாத்திரங்களில் மாற்றி, தான் சமைத்ததாகப் பரிமாறுவாள். காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வராது. யாருக்குத்தான் வரும்? கொஞ்சம் கறிவேப்பிலை, கொஞ்சம் ஊறுகாய், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்து அனுப்புவாள். அந்த ஒரு பிடியில்தான் அவள் தன்னை இன்னும் நிமிர்த்தி வைத்திருந்தாள்.

குழம்பின் ருசி வாரத்துக்கு வாரம் மாறியது. ஒரு வாரம் தேங்காய் அரைத்த குழம்பு, ஒரு வாரம் மல்லித்தூள் தூக்கலான குழம்பு, இன்னொரு வாரம் கடுகுக்குப் பதில் சோம்பு தாளித்தது. "உன் கைக்கு என்னாச்சு சுகி, வாரம் ஒரு ஊர்ச் சமையலா இருக்கு?" என்று ஜெபசிங் ஒருதடவை கேலி செய்தான். அவளும் கவனித்திருந்தாள். அக்கா புதிது புதிதாகச் செய்து பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டாள். நாக்குக்குத் தெரிந்ததை மனம் விசாரிக்க விரும்பவில்லை. விசாரித்திருந்தால் அந்தச் சாப்பாட்டை அவளால் விழுங்க முடிந்திருக்காது.

வீடு திரும்பும்போது ஜெபசிங் உற்சாகமாக இருந்தான்.

"இன்னிக்கு எல்லாரும் எவ்வளவு நேரம் நின்னு பேசினாங்க பார்த்தியா? முன்னாடியெல்லாம் டீ குடிச்சதும் ஓடிருவாங்க."

பின் சீட்டிலிருந்து ஷெரின் கேட்டாள். "டாட், ஹூ இஸ் கெவின்?"

"சும்மா ஒரு ஆள்டா," என்றான் அவன். காது மடல் சிவந்தது.

சுகிர்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மழைக்காலம் முடிந்த பச்சைக் குன்றுகள். அந்த மூத்தவரின் முகம் நினைவுக்கு வந்தது. "யாரு, அந்தக் கெவினா?" ஜெபசிங் பெயரை மறந்துவிடக் கூடாதே என்று அவர் எடுத்துக்கொடுத்திருக்கிறார். ஞாயிறு பள்ளி நாடகத்தில் வசனம் மறந்த குழந்தைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பதைப் போல. 'எங்கட முறை' என்றாளே நிலக்சி; அவர் மனைவியும் தன் முறைக்கு ஒரு வாரம் குழம்பு வைத்திருப்பாள். எல்லாரும் வைத்திருப்பார்கள். எத்தனை ஞாயிறுகள் அவர்கள் அவனைச் சுற்றி நின்று தலையாட்டியிருக்கிறார்கள்! பாதி ராத்திரிவரை அவன் யோசித்து வைத்த ஆபீஸ் கதைகளை எவ்வளவு பொறுமையாகக் கேட்டிருக்கிறார்கள்!

அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏளனமாக இருந்திருந்தால் கோபப்படலாம். இது கருணை. கருணையின் முன்னால் கோபப்பட்டால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். அந்தச் சாப்பாடு பொய்யில்லை. ஷெரினின் கன்னம் ஒட்டாமல் இருப்பது அந்தப் பெட்டிகளால்தான். அவர்களுக்கு அவள் கடமைப்பட்டவள். ஆனால் அவள் கணவனை அவர்கள் மேடையில் நிற்க வைத்துவிட்டார்கள். தான் மேடையில் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. திரையை விலக்கிவிட்டவள் அவள்தான்.

*

செவ்வாய்க்கிழமை காலை பெனிட்டா வந்தாள். ஜெபசிங் நூலகத்துக்குப் போயிருந்தான். சுகிர்தாவுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை.

"நிலக்சி அழுதுக்கிட்டே போன் பண்ணினா," என்று செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள் பெனிட்டா. "சின்னப் பொண்ணு, வாய் நிக்காது. அவளை ஒண்ணும் நெனச்சுக்காத."

"அவளை ஒண்ணும் நெனக்கலக்கா."

பெனிட்டா சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். எப்போதும் உட்காரும் நாற்காலி. எப்போதும்போல அவளே கை நீட்டி ஸ்பூனை எடுத்துக் காபியில் சர்க்கரை போட்டுக்கொண்டாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"சுகி, நான் வேணும்னு செய்யல. லேடீஸ் ப்ரேயர்ல ஜெபக்குறிப்பு கேட்டாங்க. 'நம்ம சபையில ஒரு குடும்பம், வேலைக்காகக் காத்திருக்காங்க, கண்ணீரோட இருக்காங்க'ன்னு மட்டும்தான் சொன்னேன். பேரே சொல்லல. அவங்களே கண்டுபிடிச்சுட்டாங்க. கண்டுபிடிச்ச உடனே என்ன கேட்டாங்க தெரியுமா? 'நாங்க என்ன செய்யட்டும்?'னு கேட்டாங்க. ஒருத்தர்கூடப் புறம்பேசல. ஜெபத்துல வைக்கிறது தப்பாடி?"

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொல்றேன்னீங்க."

"ஆண்டவர்கிட்டதானே சொன்னோம்! எல்லாரும் சேர்ந்து சொன்னோம்."

அவள் முகத்தில் கள்ளமில்லை. அதுதான் சுகிர்தாவுக்கு இன்னும் வலித்தது. திருடியவள் திருடியதாக உணர்ந்தால் மன்னிக்க ஓர் இடம் கிடைக்கும்.

"அவர் ஞாயித்துக்கிழமை கதை சொல்லும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நின்னாங்களேக்கா."

"பின்ன? 'எங்களுக்குத் தெரியும் பிரதர்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா? அவரை அவமானப்படுத்தக் கூடாதுன்னுதான். பிரதர்ஸ் எல்லாம் எவ்ளோ ஜாக்கிரதையா இருக்காங்க தெரியுமா? எங்க வீட்டுக்காரர்கூட அன்னிக்கு, 'கெவினுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தாத் தேவலை, பாவம் ஜெபசிங்'னு..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லிட்டுச் சிரிச்சாரா?"

பெனிட்டா காபியைக் கலக்கினாள். கலக்கி முடித்த காபி அது.

குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி நின்றது. பெனிட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள். அவள் சொல்ல வந்தது இனிமேல்தான் என்று சுகிர்தாவுக்குத் தெரிந்தது.

"இங்க பாரு. எல்லாம் நன்மைக்குத்தான். பாஸ்டர் ஒண்ணு யோசிச்சிருக்கார். வருஷா வருஷம் பெரிய வியாழன்ல அவர்தானே பெரியவங்க காலைக் கழுவுவார்? இந்த வருஷம் வேற மாதிரி. உதவி செஞ்சவங்க உதவி வாங்கினவங்க காலைக் கழுவணும். கொடுத்தோம்கிற பெருமை வந்துடக் கூடாதில்ல? கீழ குனியணும். தாழ்மை. எனக்குக் கேட்டதும் கண்ணீரே வந்துடுச்சு."

"யார் காலை?"

"முன்னாடி ரெண்டு நாற்காலி போடுறாங்க. உன் காலை நான் கழுவுறேன். ஜெபசிங் காலை எங்க வீட்டுக்காரர் கழுவுவார். புது டவல், புதுப் பேசின் எல்லாம் வாங்கியாச்சு. ஊர்ல இருக்கிற பெரியவங்க பார்க்கணும்னு லைவ்ல போடுறாங்க, ஆனா உங்க முகம் தெரியாம கால் மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்தாப் போதும்."

முகத்தைப் பார்க்காதீர்கள் என்று ஜெபசிங் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்களா என்று சுகிர்தா நினைத்தாள்.

"அவருக்கு யார் சொல்றது?"

"நீதான் பக்குவமாச் சொல்லணும். எத்தனை நாளைக்குப் பொய்யிலயே இருப்பார்? எல்லாருக்கும் தெரியும்னு ஆயிட்டா அவருக்கே விடுதலை. சபை அவரைத் தாங்கும் சுகி."

அவள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த உண்மையைச் சொல்லும் உரிமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுகிர்தாவுக்குப் புரியவில்லை. அவள் தன் கால்களைப் பார்த்தாள். டேகேரில் நாள் முழுக்க நின்று குதிகால் வெடித்திருந்தது.

"ஆண்டவர் காலைக் கழுவ வந்தப்போ பேதுருகூட முதல்ல மாட்டேன்னுதான் சொன்னான்," என்றாள் பெனிட்டா, அவள் பார்வையைத் தவறாகப் புரிந்துகொண்டு. "அதுவும் ஒரு பெருமைதான் சுகி. வாங்கிக்கிறதுக்கும் தாழ்மை வேணும்."

அது குத்தியது. என் பெருமையா இது? வாங்கிச் சாப்பிட வெட்கப்படாதவள், காலை நீட்ட மட்டும் ஏன் வெட்கப்படுகிறேன்? சுகிர்தா தனக்குள் நேர்மையாகத் தேடினாள். பெருமை இருந்தது, ஒரு மூலையில், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவளை இறுக்கிப் பிடித்திருந்தது அது இல்லை. கடைசி இரவில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய அந்த மேல்வீட்டு அறையை அவள் நினைத்துப் பார்த்தாள். சிறுவயதிலிருந்து கேட்ட கதை. அங்கே கொடுத்தவர், வாங்கினவர் என்று இரண்டு வரிசை இல்லை. மேசையைச் சுற்றி இருந்த எல்லாருடைய காலும் கழுவப்பட்டது. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலும்கூட. குனிந்தவருக்கு அது தெரியும். தெரிந்தும் அவர் அதை யாரிடமும் அவன் பெயரோடு சொல்லிக்கொண்டு திரியவில்லை.

இங்கே காட்டிக்கொடுத்தவள் கால் கழுவும் பேசினோடு வந்திருக்கிறாள்.

"உங்க காலை யாருக்கா கழுவுவாங்க?"

பெனிட்டா விழித்தாள். "எங்களதையா? நாங்க... கழுவுறவங்கதானேடி."

சொன்ன பிறகு அது தன் காதிலேயே எப்படியோ விழுந்திருக்க வேண்டும். அவள் கண்கள் கலங்கின. மேசையின் மேலாகக் கையை நீட்டி சுகிர்தாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிரசவ அறையில் பிடித்த அதே கை. அந்தச் சூட்டை சுகிர்தாவின் உடல் அடையாளம் கண்டுகொண்டது. ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் தோளில் சாய்ந்துகொள்ளலாம் போலிருந்தது. இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"என்மேல கோவமா இருக்க, தெரியுது. எனக்கு உன்னை விட்டா யாருடி? சரி, ஜெபசிங் வேண்டாம். அவருக்குச் சொல்ல வேண்டாம். நீ மட்டும் வா." பெனிட்டாவின் குரல் தாழ்ந்தது, பழைய சனிக்கிழமைகளின் குரலாக. "வியாழக்கிழமை அவருக்கு ஏதாவது வேலை வச்சு வீட்டுல நிறுத்திடு. லைவ் பார்க்காம இருக்க ஷெரினோட ஸ்கூல் ப்ராஜெக்ட் ஏதாவது கொடுத்துடு. ஒரு நாற்காலி போதும். நீயும் நானும். அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லார் முன்னாடியும் நான் உன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கற மாதிரியும் ஆச்சு."

உனக்கும் எனக்கும் மட்டும் என்று இவள் இன்னொரு ரகசியத்தைக் கொடுக்கிறாள். கேட்பது ஒன்றுதான்: கூடத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியட்டும், அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. இத்தனை மாதமாக நடந்ததும் இதுதான். இதுவரை அறியாமல் செய்தாள். இனி அறிந்தே செய்ய வேண்டும்.

சுகிர்தா தன் கையை விடுவித்துக்கொண்டாள். வேகமாக இழுக்கவில்லை. குழந்தையின் பிடியிலிருந்து துணியை எடுப்பதுபோல ஒவ்வொரு விரலாக.

"அவர்கிட்ட இன்னிக்கு நானே பேசுறேன். உங்ககிட்ட சொன்னது நான்தான்னும் சொல்லணும். அதுக்கு முன்னாடி யாரும் அவர்கிட்ட எதுவும் பேச வேண்டாம்க்கா."

"பேசு, பேசு. அது நல்லது. அப்ப வியாழக்கிழமைக்கு பாஸ்டர்கிட்ட என்ன சொல்லட்டும்? ஒண்ணா, ரெண்டா?"

"நாற்காலி போட வேண்டாம்க்கா."

"சுகி, ஒரு பத்து நிமிஷம்தானே. எனக்காக."

"இல்லக்கா," என்றாள் சுகிர்தா. "நான் வந்து உட்கார மாட்டேன்."